மூலைக்கு ஒரு வீடு

இது நடந்த விஷயம். கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் இப்போதே அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம், எனக்கொன்றும் வருத்தமில்லை. நான் லிஃப்ட் மெக்கானிக். இருட்டுக் குழிக்குள் தனியாக இறங்கிக் கம்பி பார்க்கிறவன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிப்பவன் நான்தான். ஆனால் இது என் அக்காவுக்கு நடந்தது. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றெல்லாம் சொல்லமாட்டேன். பொய்யை உட்கார்ந்து யோசித்துக் கட்டுகிற பொறுமை அவளுக்குக் கிடையாது, அவ்வளவுதான்.

இன்னொன்று. இது நடுராத்திரியில் நடக்கவில்லை. மின்தடை இல்லை, மழை இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம், மணி நாலே கால். ஜன்னல் வழியே நல்ல வெயில் விழுந்துகொண்டிருந்தது. எனக்குப் பயம் வருவதே அந்த வெயிலை நினைத்தால்தான்.

அக்கா ஒரு நாய்க் காப்பகத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். கடைசி வரிசைக் கூண்டுகள் அவள் பொறுப்பு. முன்வரிசையில் வாலாட்டும் நாய்கள் இருக்கும். வருகிறவர்கள் கொஞ்சுவார்கள், கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போவார்கள். கடைசி வரிசை அப்படியில்லை. ஆளைக் கண்டாலே நடுங்குகிறவை அங்கே இருக்கும். அடிபட்டவை, துரத்தப்பட்டவை, என்ன காரணம் என்றே தெரியாதவை. அவற்றில் ஒன்றுதான் மூலை.

பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். அது எந்நேரமும் கூண்டின் மூலையில், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். குரைக்காது. முனகக்கூட முனகாது. யாரோ கிண்டலாக அட்டையில் 'மூலை' என்று எழுதப்போய் அதுவே நிலைத்துவிட்டது. பழுப்பு நிறம். அழகான முகம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தவர்கள் காப்பகத்திலேயே நாலைந்து பேர்தான்.

ஏற்கெனவே இரண்டு வீடுகளுக்குப் போய்த் திரும்பி வந்த நாய் அது. முதலில் ஒரு நர்ஸ் எடுத்துப்போனாள். பத்தொன்பதாம் நாள் கொண்டுவந்து விட்டுவிட்டாள். அடுத்து ஒரு பஸ் கண்டக்டர். அவர் தாக்குப்பிடித்தது பதினோரு நாள். சாப்பிடவில்லை, தூங்கவில்லை, சும்மா சும்மா நடுங்குகிறது என்று இருவரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். காப்பகத்தில் ஒரு விதி உண்டு. மூன்று தடவை திரும்பி வந்த நாயை அப்புறம் யாருக்கும் கொடுக்கமாட்டார்கள். வைத்துக்கொள்ளவும் இடமில்லை. டாக்டர் ஊசியை எடுத்துவிடுவார்.

"இன்னும் ஒரே ஒரு சான்ஸ்தான். ஞாபகம் இருக்கட்டும்" என்றார் மேனேஜர்.

"எனக்கு மறதி கிடையாது சார்" என்றாள் அக்கா.

மூன்று மாதம் அந்த நாயோடு மல்லுக்கட்டினாள். மல்லுக்கட்டு என்றால் இழுப்பதோ அதட்டுவதோ இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவது. பயந்த நாய்க்கு மனிதனின் முகம்தான் பெரிய மிரட்டல். அதனால் கூண்டுக்குள் போய், நாய்க்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார வேண்டும். ஒரே குரலில் எதையாவது படித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிஸ்கட்டை உள்ளங்கையில் வைத்துக் கையைப் பின்பக்கம் நீட்ட வேண்டும். நாய் தானாக வரும். வந்து மோப்பம் பிடித்தாலும், கழுத்தில் மூச்சு விட்டாலும், மேலே சாய்ந்தாலும் திரும்பவே கூடாது. திரும்பினால் அத்தனை நாள் உழைப்பும் தண்ணீரில் போட்ட மாதிரிதான்.

அக்கா படிப்பது பேப்பரில் வரும் பழைய கார் விளம்பரங்களை. "அதுலதான்டா குரல் ஏறாது, எறங்காது" என்பாள். அறுபத்திரண்டாம் நாள் மூலை அவள் கையிலிருந்து பிஸ்கட்டை எடுத்தது. அன்று வீட்டுக்கு வந்து எனக்கும் என் மனைவிக்கும் அந்த உள்ளங்கையைக் காட்டினாள். கழுவாமல் வந்திருந்தாள், அசிங்கம் பிடித்தவள். ஆனால் அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு டெய்லரம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். தனி ஆள். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவர். நாயைப் பார்த்ததும் 'ச்சூ ச்சூ' என்று கூப்பிடவில்லை, கம்பிக்குள் கை விடவில்லை. கூண்டுக்கு வெளியே பேசாமல் அரை மணி நேரம் நின்றார். அக்காவுக்கு அந்த ஒரு காரணமே போதும். குழந்தைகள் இல்லாத வீடு, சத்தமில்லாத தெரு, நாள் முழுக்க ஆள் இருக்கும். இதைவிடப் பொருத்தமான வீடு எங்கே கிடைக்கும்? முன் இரண்டு தடவையும் வீட்டை போட்டோவில் பார்த்தே அனுப்பியிருந்தார்கள். இந்தத் தடவை தானே நேரில் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

வியாழன், மூன்று மணி பத்து நிமிடம். காப்பக வேன் அந்த வீட்டு வாசலில் நின்றது. சின்ன வீடு. கேட்டில் 31 என்று புது எண். அதற்குக் கீழே 14 என்று துருப்பிடித்த பழைய தகடு. முன்னறையில் தையல் மிஷின், பின்னால் ஓர் அறை. அந்தப் பின்னறைதான் மூலைக்கு. டெய்லரம்மா பழைய துணிகளை வைத்து மெத்தை தைத்துப் போட்டிருந்தார்.

மூலை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டது. உடம்பெல்லாம் நடுக்கம்.

அக்கா அவசரப்படவில்லை. அதன் கழுத்தில் பத்து மீட்டர் கயிற்றைக் கட்டித் தளர்வாக விட்டாள். "நீங்க பாட்டுக்குத் தைங்க. கதவு தெறந்தே இருக்கட்டும். நான் உள்ள போய் உக்காந்துக்கறேன். அதுவா வரும்" என்றாள்.

பின்னறைக்குப் போய் எதிர்ச்சுவரைப் பார்த்து, வாசலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள். பேப்பரைப் பிரித்தாள். முன்னறையில் மிஷின் ஓடத் தொடங்கியது. கடகடகட... நின்றது... கடகடகட...

"வெள்ளை நிறம். ஒரே ஆள் ஓட்டியது. டயர் புதிது..."

ஒரு மணி நேரம் படித்தாள். தொண்டை வறண்டது.

4:17. கைக்கடிகாரம் முன்னால் தரையில் இருந்ததால் அவளுக்கு நேரம் நன்றாக நினைவிருக்கிறது.

டக்...

டக்...

நகம் தரையில் படும் சத்தம். பின்னாலிருந்து. அக்காவுக்கு மனசு துள்ளியது. மூலை படியேறிவிட்டது! குரலை மாற்றாமல் படித்தாள். "நாலு கதவு. ஏசி உண்டு..."

டக்... டக்...

ஒன்று இடித்தது. கயிறு தரையில் இழுபடும் சத்தம் இல்லை. டெய்லரம்மா அவிழ்த்துவிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். இன்னொன்றும் இடித்தது. நாய்க்கு நாலு கால். இது ஒன்று மாற்றி ஒன்று, இரண்டு கால் நடை மாதிரி நிதானமாக வந்தது. பயத்தில் தயங்கித் தயங்கி வருகிறது போல என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சத்தம் முதுகுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

கழுத்தில் மூச்சு பட்டது.

அக்கா பிஸ்கட்டை உள்ளங்கையில் வைத்துப் பின்பக்கம் நீட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பிஸ்கட் போய்விட்டது.

"நல்ல பிள்ள" என்றாள் மெதுவாக. "வாடா. வா. இது உன் வீடுதான்."

இதைச் சொன்னதற்காக அவள் இன்றைக்கும் தன்னை மன்னித்துக்கொள்ளவில்லை.

முதுகில் பாரம் ஏறியது. சாய்ந்துகொண்டது. பயந்த நாய் மேலே சாய்வது என்றால் அது பெரிய வெற்றி. அக்காவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம், இனி ஊசியும் இல்லை, கூண்டும் இல்லை என்று நினைத்தாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையை மடியில் வைத்துப் பார்த்தாள்.

கை ஈரமாகவில்லை.

நாய் எடுத்தால் உள்ளங்கை நனையும். எச்சில் வழியும். எந்த நாயானாலும் சரி. இது காய்ந்து கிடந்தது. யாரோ விரல் நுனியால் எடுத்துக்கொண்ட மாதிரி.

4:24. மிஷின் நின்றது.

முன்னறையிலிருந்து டெய்லரம்மாவின் குரல்.

"மேடம்... இது இன்னும் படியே ஏறலீங்க. இங்கயே நடுங்கிக்கிட்டு உக்காந்திருக்கு. தண்ணி வெக்கட்டுமா?"



முதுகில் பாரம் இருந்தது.

மூச்சும் இருந்தது... அந்த மூச்சில் நாய் வாடை இல்லை.

எந்த வாடையும் இல்லை.

"மேடம்?"

எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. பாரம் அழுத்தியது... இன்னும்... இன்னும்... நெற்றி முழங்காலில் போய் முட்டியது.

அப்போது அவளுக்கு வந்தது பயம் மட்டுமில்லை. கோபம். மூன்று மாதம் தரையில் உட்கார்ந்து, இடுப்பு விட்டுப்போய், ஒரு நாய்க்காகச் சேர்த்து வைத்த அன்பு. அதை எதுவோ திருடித் தின்றுவிட்டது.

"நீ இல்ல" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு. "உன்னக் கூப்பிடல. தள்ளு."

பாரம் அசையவில்லை.

"தள்ளுன்னு சொன்னேன்..."

காதுக்குள் மூச்சு.

அந்த நேரத்தில்... சர்ர்ர்... என்று ஒரு சத்தம்.

கயிறு.

கயிறு இழுபடுகிறது. கூடவே நகங்கள். நாலு கால். தடுமாறி, வழுக்கி, வேகமாக. முன்னறையைத் தாண்டி...

நிலைப்படியில் நின்றது.

குரைத்தது.

ஒரே ஒரு தடவை.

பாரம் போய்விட்டது.

அக்கா திரும்பினாள். நிலைப்படியில் மூலை நின்றது. நாலு காலும் கிடுகிடுவென்று நடுங்க, நின்ற இடத்திலேயே மூத்திரம் போய், காலெல்லாம் நனைந்து, ஆனாலும் ஓடாமல் நின்றது. அதன் பார்வை அக்காமேல் இல்லை. அவளுக்கு மேலே, ஒரு ஆள் உயரத்தில் இருந்தது. பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. பயந்தாங்கொள்ளி என்று ஊரே சொன்ன நாய் அது.

அறையில் யாருமில்லை. ஜன்னலில் மட்டும் வெயிலில் அந்த பிஸ்கட் இருந்தது. நடுவில் சரியாக உடைத்து, இரண்டு பாதியும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. நெஞ்சளவு உயரம் அந்த ஜன்னல்.

அக்கா நாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பதினெட்டுக் கிலோ. எப்படித் தூக்கினேன் என்று தெரியாது என்கிறாள். டெய்லரம்மா கேட்டருகே நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"பின்னாடி வந்து நின்னுச்சா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ரெண்டு மாசமா நிக்குது. தைக்கும்போது. திரும்பினா ஆள் இல்ல. குனிஞ்சு தெச்சுத் தெச்சுக் கழுத்து போச்சு, அதான்னு நெனச்சேன். ஒரு நாய் தொணைக்கு இருந்தா சரியாயிடும்னு..." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "இத கூட்டிட்டுப் போயிடுங்க. பாவம், வாயில்லாத சீவன்."

திட்டியிருக்க வேண்டும். அக்காவுக்குத் திட்ட வரவில்லை. அந்த வீட்டில் ராத்திரி தனியாகப் படுக்கப்போகிறவர் அவர்தானே. "உள்ள போகாதீங்க. மிஷினாவது மண்ணாவது" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை மேனேஜர் மேஜையில் படிவம் தயாராக இருந்தது. மூன்றாவது தடவை திரும்பி வந்தது. டாக்டரும் வந்து உட்கார்ந்திருந்தார்.

"காரணம் என்ன எழுதட்டும்?" என்றார் மேனேஜர். "பேய்னா?"

"பேய்னு யாரு சொன்னா? வீடு சரியில்லன்னு எழுதுங்க."

"எப்பவும் நாய்க்குத்தான் காரணம் எழுதுவோம். வீட்டுக்கு எழுத மாட்டோம்."

அக்கா அலமாரியைத் திறந்து மூலையின் பழைய காகிதங்களை எல்லாம் மேஜைமேல் கொட்டினாள். நாய் முதன்முதலில் காப்பகத்துக்கு வந்த நாளின் அட்டையும் அதில் இருந்தது. அதில் பெயர் மூலை இல்லை. பெயரே இல்லை. 'துறுதுறுப்பு அதிகம். எல்லோரிடமும் ஒட்டிக்கொள்ளும்' என்று எழுதியிருந்தது. ஆக, இந்த நாய் பயந்த நாயாக வரவில்லை. போன இடத்தில்தான் பயந்திருக்கிறது.

நர்ஸின் முகவரியைப் பார்த்தாள். வேறு தெருப் பெயர், எண் 14. கண்டக்டருடையது டெய்லரம்மாவின் தெரு. ஆனால் எண் 14. டெய்லரம்மாவுடையது 31. அவளுக்கு அந்தத் துருப்பிடித்த தகடு கண்ணில் வந்து நின்றது. போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"நர்ஸம்மா, நாய்க் காப்பகத்துலேர்ந்து பேசறேன். நீங்க அப்ப இருந்த தெருவுக்குப் பேர் மாத்தினாங்களா?"

"ஆமா. நான் காலி பண்ணின வருஷம் மாத்தினாங்க. நம்பரும் மாறப்போகுதுன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க."

"பின்னாடி ரூம்ல ஜன்னல் இருக்குமா? நெஞ்சளவு ஒயரத்துல?"

 

"அந்த ரூமுக்குப் போனீங்களா?" என்றாள் நர்ஸ். பிறகு போனை வைத்துவிட்டாள்.

அக்கா மூன்று படிவங்களையும் மேனேஜர் முன்னால் வரிசையாக அடுக்கினாள்.

"மூணு வீடு இல்ல சார். ஒரே வீடு. ஆள் மாறி, நம்பர் மாறி, தெருப் பேர் மாறி, அதே வீட்டுக்கே மூணு தடவ அனுப்பியிருக்கோம். அது மூணு தடவையும் நமக்குச் சொல்லிச்சு. நாமதான் அதுக்குப் பைத்தியம்னு எழுதிவெச்சோம். கணக்குப்படி ஒரு தடவதான் திரும்பியிருக்கு. ஊசிய உள்ள வைங்க டாக்டர்."

டாக்டர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் விசிறியைப் பார்த்தார். கடைசியில் 'மூன்று' என்பதை அடித்து 'ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். டாக்டர் பையை மூடிக்கொண்டு எழுந்துபோனார்.

அன்றைக்கே அக்கா டெய்லரம்மாவுக்குப் போன் செய்தாள்.

"நாய் வேணுமா, வேண்டாமா?"

"வேணும். எனக்காக அது உள்ள ஓடி வரல, உங்களுக்காகத்தான் வந்துச்சு. இருந்தாலும் வேணும். அந்த வீடுதான் வேண்டாம்."

"அப்ப வீட்ட மாத்துங்க."

"நேத்தே வேற எடம் பாத்தாச்சு மேடம். மிஷின் வண்டில ஏறியாச்சு. யாரோ பின்னாடி நிக்கறாங்கன்னு நான் எதுக்குத் தைக்கறத விடணும்?"

புது வீடு ஒரு டயர் கடைக்கு மேலே. நாள் முழுக்கச் சுத்தியல் சத்தம், ஹாரன் சத்தம். பயந்த நாய்க்கு இப்படி ஒரு இடத்தை யாரும் சிபாரிசு செய்யமாட்டார்கள். அக்கா ஒரு வாரம் கழித்துப் பார்க்கப் போனாள். மூலை மிஷினுக்கு அடியில், அறையின் நட்டநடுவில், நாலு காலையும் பரப்பிக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. கீழே டயர் வெடித்தது. ஒரு காது மட்டும் அசைந்தது. டெய்லரம்மா அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டாராம். அந்தப் பெயரை இங்கே எழுதக் கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

ஏழு மாதம் கழித்து ஒரு புதுத் தம்பதி காப்பகத்துக்கு வந்தார்கள். படிவத்தில் எண் 31 என்று பார்த்ததுமே அக்கா எழுந்துவிட்டாள். "அந்த வீட்டுக்கு நாய் கிடையாது. நீங்களும் அங்க இருக்காதீங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பினாள். அவர்கள் போனபிறகு படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பினாள். அங்கே ஒரே ஒரு கேள்விதான். 'எந்த நாய் வேண்டும்? ஏன்?' வழக்கமாக யாரும் அதை நிரப்புவதில்லை, காப்பகத்திலும் யாரும் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. அந்தத் தம்பதி இன்னும் ஒரு நாயைக்கூடப் பார்த்திருக்கவில்லை.

நிரப்பியிருந்தது.

'எங்கள் வீட்டு நாய். திருப்பித் தரவும்.'

அக்கா பழைய படிவங்களை எடுத்தாள். நர்ஸுடையதைத் திருப்பினாள். அதே வரி. கண்டக்டருடையது. அதே வரி. இரண்டிலும் முன்பக்கம் வேறு வேறு கையெழுத்து. பின்பக்கம் மட்டும் ஒரே கையெழுத்து. சாய்ந்த, பொடி எழுத்து.

டெய்லரம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். அவர் படிவத்தை நிரப்பியது அக்காதான். பின்பக்கத்தைக் காலியாக விட்டது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

திருப்பினாள்.

காலியாக இல்லை.

அக்கா சிவப்புப் பேனாவை எடுத்தாள். நாலு தாளிலும் அந்த வரிக்குக் கீழே பெரிதாக எழுதினாள். 'இது டெய்லரம்மா வீட்டு நாய். தர முடியாது.' நாயின் புதுப் பெயரை மட்டும் எழுதவில்லை, தெரிந்தால் அது பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுமாம். நாலையும் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். சாவி அவள் கழுத்துச் சங்கிலியில் தொங்குகிறது. உள்ளே அந்தப் பேனாவையும் வேண்டுமென்றே போட்டு வைத்திருக்கிறாள். "எழுதட்டுமே, பாப்போம்" என்கிறாள். தினமும் காலை ஒன்பது மணிக்குத் திறந்து பார்க்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை பேனாவின் மூடி கழன்று கிடந்தது. தாள்களில் புதிதாக எதுவும் இல்லை. அக்கா மூடியைப் போட்டு, பேனாவை அதே இடத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, கடைசி வரிசைக்குச் சாப்பாடு வைக்கப் போனாள்.